தோப்பில் சாய்ந்த மின்கோபுரம்: வேலையைத் தடுக்கலாமா?

பட்டுக்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காற்றில் எங்கள் தென்னந்தோப்பிலிருந்த 110 கிலோவோல்ட் கோபுரம் மடங்கி விழுந்துவிட்டது. பக்கத்தில் தற்காலிகக் கோபுரம் நிறுத்த ஏழு மரங்களை வெட்ட வேண்டும் என்கிறார்கள். வேலையை மறித்தால்தான் பணம் வரும், நான் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். மறிக்கலாமா?"

மறிக்காதீர்கள். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு வழியாகப் பெற்றே இந்த மின்தடங்களைப் போடுகிறார்கள். அதன்படி நிலம் உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் வேலையால் நேரும் சேதத்துக்கு முழு இழப்பீடு தந்தாக வேண்டும். மறித்தால் மாவட்ட ஆட்சியரின் உத்தரவோடு வருவார்கள், அதற்குப் பிறகும் மறிப்பது குற்றம். தொகை போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். வேலையை மறித்தவருக்குத்தான் அந்த உரிமை என்று எங்கும் இல்லை.

நிரந்தரக் கோபுரத்தின் கான்கிரீட் இறுகவே வாரக்கணக்காகும் என்பதால், தற்காலிகக் கோபுரமாக அலுமினியக் கலவைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக போல்ட் போட்டு நிமிர்த்தி, நாலாபுறமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுகிறார்கள். பழைய கோபுரத்தைவிட இது இடத்தை அதிகம் அடைப்பதற்கு அந்தக் கம்பிகள்தான் காரணம். அவற்றில் மாட்டைக் கட்டாதீர்கள்.

அந்தத் தரகர் அடுத்து முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்பார். நான் பணியிலிருந்தபோது, வெற்றுத்தாளில் கையெழுத்திட்ட ஒரு விவசாயியின் 22 மரங்களை ஒரு தரகர் 40 என்று எழுதிக்கொடுக்க, கணக்கு உதைத்து, கோப்பு இரண்டு ஆண்டு முடங்கியது. கோபுரத்தைச் சில நாளில் நிமிர்த்துகிற நிர்வாகம், இழப்பீட்டுக் கோப்பை மட்டும் மின்வாரியம், வருவாய்த்துறை, தோட்டக்கலைத்துறை என்று மேசை மேசையாக உருட்டுகிறது. தரகரின் பிழைப்பே அந்தத் தாமதத்தில்தான் நடக்கிறது.

ரம்பம் வைக்கும் முன் மரங்களுக்கு எண் எழுதிப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரும் உதவிப் பொறியாளரும் கையெழுத்திட்ட மகஜரின் (நேரில் பார்த்து எழுதும் பதிவின்) நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அடங்கல் (கிராமச் சாகுபடிப் பதிவேடு) நகலோடு மனுவைத் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்துக்குக் கொடுங்கள். மின்கட்டணம் கட்டும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். காற்றில் விழுந்த மரங்களை இதில் சேர்க்காதீர்கள். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு தென்னைக்கு 1,100 ரூபாய் தந்தது அரசின் நிவாரணம். அது வேறு கணக்கு.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய நிரந்தரக் கோபுரம் பழைய நான்கு கால்களின் இடத்திலேயே எழுந்தால், அடிமனைக்கென்று (கால்கள் அடைக்கும் நிலத்துக்கென்று) புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை. மூன்று மீட்டர் தள்ளி எழுந்தாலும் அது உங்கள் நிலத்தில் புதிய அடிமனை. ஆகவே பழைய கால்களைப் பெயர்க்கும் முன்பே எல்லைக்கல்லிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அளவுநாடா தெரியும்படி படமெடுங்கள். பெயர்த்த பிறகு அளக்க எதுவும் மிஞ்சாது. தற்காலிகக் கோபுரத்தை எப்போது அகற்றுவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள், ஏனெனில் தற்காலிகமென்று நட்டது அங்கேயே நின்றுவிடுவதுண்டு.

தோப்பில் கிடக்கும் கம்பியை, மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள். பக்கத்துத் தடத்தில் மின்சாரம் ஓடினால் இதிலும் மின்னழுத்தம் தூண்டப்படும்.