எண்ணெய்க்கு மசியாத போல்ட்

கேள்வி: ஐயா, வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தால் நாள்தோறும் யாழ்ப்பாண நகருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். முன்சில்லின் பிறேக் டிஸ்க் தேய்ந்துவிட்டதால், புதியதை நானே மாற்றலாம் என்று தொடங்கினேன். தலையில் அறுகோணக் குழியுள்ள ஐந்து அலன் போல்ட்டுகளில் மூன்று பெரும் சிரமத்தின் பின் கழன்றன. மற்ற இரண்டும் அசையவே இல்லை. துருநீக்கும் ஸ்பிறே அடித்தும் மண்ணெண்ணெய் விட்டும் இரண்டு இரவுகள் ஊறவைத்துப் பார்த்துவிட்டேன். இனியும் பலத்தைப் போட்டால் முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். – வேலணை வாசகர்

பதில்: அஞ்சி நிறுத்தியது நல்லது. கழன்று வந்த மூன்று போல்ட்டுகளையும் எறிந்துவிடாமல் வைத்திருப்பீர்களானால், அவற்றின் மரைகளை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். மண்ணிறத் தூள் உதிர்ந்தால் அது துரு. வெள்ளைத் தூள் தெரிந்தால், கடற்காற்றின் உப்பினால் அலுமினியம் அரிக்கப்பட்டிருக்கிறது. பண்ணைக் கடலைத் தினமும் கடக்கும் வண்டியில் அது இருக்கவே செய்யும். ஆனால் நீலமாகவோ சிவப்பாகவோ பச்சையாகவோ, பிளாஸ்ரிக் போன்ற காய்ந்த துகள்கள் மரைகளுக்கிடையில் ஒட்டியிருந்தால், உங்கள் போல்ட்டைப் பிடித்துவைத்திருப்பது, அதிர்வில் அது கழன்றுவிடாதிருக்கத் தொழிற்சாலையில் இட்ட பூட்டுப்பசை. கராச்சுகளில் இதனை எந்த நிறுவனத்தின் பசையானாலும் லொக்டைட் என்றே சொல்வார்கள். முதல் அசைவுக்குப் பின்னரும் பல சுற்றுகளுக்கு அந்த மூன்றும் இறுக்கமாகவே வந்திருந்தால், பசை என்ற ஐயம் இன்னும் வலுக்கும்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், டிரினிற்றிக் கல்லூரியின் இரசாயனவியல் பேராசிரியர் வேர்னன் கிரீபிள் 1953ஆம் ஆண்டளவில் உருவாக்கிய இப்பசை, போத்தலுக்குள் காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருந்து, காற்றுப் புகாத மரை இடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் கெட்டியாகிவிடும். கெட்டியானபின் அதற்குள் எண்ணெய் ஊடுருவ வழியில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய நாம், எந்த நோய்க்கும் மண்ணெண்ணெயே மருந்து என்று நம்புவதில் வியப்பில்லை. ஆனால் துருவுக்கு ஓரளவு உதவும் அந்த மருந்து, பசையிடம் பலிக்காது. இதற்கு வேண்டியது வெப்பம். நடுத்தர வலிமையுள்ள பசை 150 முதல் 180 பாகை செல்சியசுக்கு மேல் தன் பிடியை இழக்கத் தொடங்கும். மிகவும் வலிமையானதற்கு ஏறத்தாழ 250 பாகை தேவைப்படும். நிறத்தை மட்டும் நம்பி வலிமையைக் கணிக்க வேண்டாம். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும்.

சூடாக்குமுன், நீங்கள் ஊற்றிய எண்ணெயைத் துணியால் முற்றாகத் துடைத்துவிடுங்கள், அது தீப்பற்றும். சில்லைக் கழற்றி, வண்டியிலிருந்தும் பெற்றோலிலிருந்தும் தள்ளி, காற்றோட்டமான முற்றத்தில், பழைய ரயர் ஒன்றின்மேல் டிஸ்க் மேலே பார்க்கும்படி கிடத்துங்கள். நடுவிலுள்ள பெயறிங்கின் இறப்பர்ச் சீலை ஈரத்துணியால் மூடுங்கள். போல்ட்டின் அறுகோணக் குழிக்குள் இறுகிய மண்ணை ஊசியால் கிளறி எடுத்து, அலன் கீ அடிவரை இறங்குகிறதா என்று பார்த்த பின்னர், சுத்தியலால் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். அந்த அதிர்ச்சியும் பிடியைச் சற்றுத் தளர்த்தும். வளைந்த எல் வடிவக் கீ பலத்தில் முறுகி வளையும் என்பதால், நீண்ட கைபிடியில் பூட்டும் சொக்கற் வகை அலன் கீ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

வெப்பத்துக்கு எனது முதல் தெரிவு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன். அது இல்லையென்றால், 100 வாற்று அளவிலான சோல்டரிங் இரும்பைப் போல்ட்டின் தலையில் ஐந்தாறு நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். வானொலி திருத்தும் சிறிய இரும்பு கொடுக்கும் வெப்பத்தை அலுமினிய நடுப்பகுதி உடனுக்குடன் உறிஞ்சிவிடும். தீச்சுடர்தான் கையிலிருக்கிறது என்றால், நகைப் பட்டறையில் ஊதும் சுடரைப் போலச் சிறியதாக, தலையின்மேல் மட்டும் படும்படி வையுங்கள். அலுமினியம் 660 பாகையில் உருகும்; உருகுமுன் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது; அதற்கு வெகு முன்னரே வலிமையையும் இழந்துவிடும். சூடு போதுமா என்றறிய, தோசைக்கல்லில் பார்ப்பதைப் போல ஒரு துளி நீரை விடுங்கள்: அது இருந்த இடத்திலேயே கொதித்து ஆவியானால் இன்னும் காணாது, உருண்டையாகித் துள்ளி ஓடினால் ஏறத்தாழ 200 பாகையை எட்டிவிட்டது.

அந்தச் சூட்டிலேயே திருப்ப வேண்டும். ஒருமுறை நான் நன்றாகச் சூடாக்கிவிட்டு, அலன் கீயைத் தேடி வீட்டுக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் பசை மீண்டும் இறுகி, வேலை முழுவதும் முதலிலிருந்து தொடங்கிற்று. முதலில் இறுக்கும் பக்கமாக மிகச் சிறிது அசைத்து, பின்னர் கழற்றும் பக்கம் சீராக, உதறாமல் அழுத்துங்கள். பாதியில் இறுகினால் மீண்டும் சூடு காட்டுங்கள். எழும் புகையை முகர வேண்டாம். சில்லு வண்டியிலிருக்கும்போதே ஸ்பிறே அடித்திருந்தால், பிறேக் பாட்களைச் சோதியுங்கள். எண்ணெய் குடித்த பாட்டைக் கழுவி மீட்க முயல்வதைவிட மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

கேள்வி: எனது அலன் போல்ட்டின் குழி மொட்டையாகி, கீ வழுக்குகிறது. – பருத்தித்துறை வாசகர்

பதில்: குழியைவிடச் சற்றே பெரிய நட்சத்திர வடிவ டொர்க்ஸ் பிற் ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்கி, மேலே சொன்னபடி சூடாக்கித் திருப்பிப் பாருங்கள். அதுவும் வழுக்கினால், தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுங்கள். தலை போனதும் இழுவிசை நீங்கிவிடும். டிஸ்க்கை அகற்றிய பின், வெளியே நீட்டிநிற்கும் தண்டைச் சூடாக்கி, பூட்டுக் குறட்டால் கவ்வி எடுப்பது பல வேளைகளில் எதிர்பார்த்ததைவிட இலகுவாக முடியும். உடைந்த போல்ட்டை எடுப்பதற்கென்று கடைகளில் விற்கும் இடம்புரி எக்ஸ்ட்ராக்டரைப் பசையோடு இறுகியிருக்கும் போல்ட்டில், அதுவும் சூடாக்காமல், நான் பயன்படுத்தமாட்டேன். அது மிகக் கடினமான, எளிதில் நொறுங்கும் உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளைகருவி அதில் ஏறாது. தண்டு உள்ளேயே முறிந்திருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் செய்யக்கூடிய பட்டறையை நாடுங்கள். வெல்டிங்கின் வெப்பமே பசையையும் இளக்கிவிடும். வண்டியிலேயே வைத்து வெல்ட் செய்வதானால் பற்றரியின் இணைப்பை முதலில் கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ஹொண்டாவின் இயந்திர மூடியிலுள்ள சிலுவைத் தலைத் திருகாணிகளுக்கும் இதே முறையா? – சாவகச்சேரி வாசகர்

பதில்: அங்கே பெரும்பாலும் பசை இருக்காது, உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று அரித்துப் பிடித்திருக்கும். எனவே எண்ணெய் அங்கே பயன்படும். அவை ஜப்பானியத் தரத்துத் திருகாணிகள். சாதாரணப் பிலிப்ஸ் திருப்புளி அவற்றின் குழியில் முழுமையாக அமராமல் மேலெழுந்து, தலையைச் சிதைத்துவிடும். தலையில் சிறு புள்ளி பொறித்திருந்தால் ஜப்பானியத் தரம் என்று கொள்ளலாம். பொருந்தும் பிற்றைப் பூட்டி, சுத்தியலால் அடிக்கும்போது தானே திரும்பும் இம்பாக்ற் டிரைவரால் இரண்டு அடி கொடுங்கள்.

கேள்வி: கழற்றுவதற்கு இவ்வளவு பாடுபட்ட பின், மீண்டும் பசை போடத்தான் வேண்டுமா? – வேலணை வாசகரே

பதில்: பிறேக் டிஸ்க்குக்குக் கட்டாயம் போட வேண்டும். இயன்றால் போல்ட்டுகளையும் புதியனவாக வாங்குங்கள். அவற்றின் மரையில் ஏற்கெனவே பசை பூசியிருந்தால் மேலதிகமாக எதுவும் தேவையில்லை. துளையின் மரைகளிலுள்ள பழைய துகள்களைத் தூரிகையால் அகற்றி, பிறேக் கிளீனரால் எண்ணெய் போகக் கழுவி, உலர்ந்த பின்னர், கழற்றக்கூடிய நடுத்தர வலிமைப் பசையில் ஓரிரு துளிகள் மட்டும் இடுங்கள். வண்டியின் கைநூல் சொல்லும் முறுக்கு அளவுக்கு, குறுக்கு எதிராக மாறி மாறி இறுக்குங்கள். பசை முழுமையாக இறுக 24 மணிநேரம் ஆகும் என்பதால், வேலையைச் சனிக்கிழமை காலையில் முடித்தால் ஞாயிறு முழுவதும் வண்டியை நிற்கவிட்டு, திங்கட்கிழமை பாலம் ஏறலாம்.