சில கிராமங்களில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறார்கள் என்று சென்சஸ் சொல்கிறதே, மீதி நாள் என்ன செய்வார்கள்?

சும்மா இருப்பார்கள் என்று பதில் வரும் என நினைத்துத்தான் கேட்டீர்களோ என்னவோ. 2011 சென்சஸின் ஊர்வாரிப் பட்டியலைத் திறந்திருப்பீர்கள், சின்ன ஊர், 'மார்ஜினல் ஒர்க்கர்' கட்டத்தில் பெரிய எண். எங்கள் ஊரும் அந்த ரகம்தான். ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம், மானாவாரி பூமி.

முந்தின ஒரு வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் மெயின் ஒர்க்கர், குறைந்தால் மார்ஜினல். எல்லா வேலையும் சேர்த்துத்தான் அந்த ஆறு மாதம். ஆனால் வாசலில் நின்று கேட்கும்போது "விவசாயமா, எத்தனை மாசம்?" என்றுதான் பேச்சு போகும். புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுக்கிற ஊர்க்காரன் என்ன சொல்வான்? நாலஞ்சு மாசம் என்பான். எழுதியாச்சு.

மாசி பிறந்தால் குண்டு மிளகாய் பறிப்பு, களத்தில் காயப்போடுவது, காம்பு கிள்ளுவது. (2023-இல் புவிசார் குறியீடெல்லாம் கொடுத்தார்கள், சந்தோஷம். மண்டியில் 'சாம்பிள்' என்று அள்ளுகிற கை மட்டும் சின்னதாகவில்லை. அள்ளியதைத் திருப்பிச் சாக்கில் போட்டதையும் நான் பார்த்ததில்லை.) அப்புறம் கோடையில் கரிமூட்டம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் ஈர மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தால் நாள் கணக்கில் உள்ளேயே கனியும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் ராத்திரியும் ஆள் வேண்டும். என் அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, புகை தப்பாக வருகிற இடத்தில் ஒரு சட்டி மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டு வருவார். விடிந்ததும் ஆடு, தண்ணீர்க் குடம், சோறு.

நூறு நாள் வேலையைச் சொல்லிச் சிரிக்க ஒரு கூட்டம் வரும், தெரியும். 2005 சட்டத்தில் நூறு என்பது ஆளுக்கு என்று இல்லை, குடும்பத்துக்கு என்றுதான் இருந்தது. சிரிக்கிறவர்கள் ஒரு நாள் சித்திரை வெயிலில் கண்மாய்க்குள் மண் வெட்டிப் பார்க்கட்டும்.

மொத்த மக்கள் தொகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வெளியூரில் இருந்தவர்களை அங்கேதான் எண்ணியிருப்பார்கள், வெளிநாட்டில் இருந்தவர்களை எண்ணியே இருக்கமாட்டார்கள். சென்னை, கோவைக் கடைகளிலும் வளைகுடாவிலும் இருக்கிற எங்கள் ஊர் ஆண்கள் பட்டியலில் இல்லை, ஆனால் ஊரில் கட்டியிருக்கிற மாடி வீடெல்லாம் அவர்கள் காசு.

சென்சஸே பொய் என்று நான் சொல்லவில்லை. வீடு வீடாக அலைகிற வாத்தியார்களையும் குறை சொல்லவில்லை. எல்லா ஊரும் இப்படித்தான் என்றும் சொல்லமாட்டேன், பாசன ஊர்க்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் திண்ணையில் இருந்த அப்பா, அம்மாவைப் பற்றிச் சொன்னது "அவ வீட்ல சும்மாத்தான் இருக்கா". அம்மா அப்போது மிளகாய்க் களத்தில் நின்றார். பட்டியலில் அவர் மார்ஜினல்கூட இல்லை, வேலை செய்யாதவர்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் என்கிறார்கள். அதுவும் மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரம்தான், அப்பாதான் திண்ணையில் இருப்பார். இந்தத் தடவை போனிலாவது என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.