கையில் கரண்டியோடு வெளியே வாருங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் அதன்பின் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன். பிரஷர் மாத்திரை போட்டேனா என்று தெரிவதில்லை. சாவியைத் தேடியே காலைப்பொழுது போகிறது. “உனக்கு அக்கறையே இல்லை” என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு: இது அக்கறைக் குறைவு இல்லை. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கவனம் சிதறுவதைக் காட்டாது. லேசான தலைக்காயத்துக்குப் பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் மறதியும் களைப்பும் இருக்கும்.

பாலை மறந்ததாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் அடுப்பைப் பற்றவைத்ததுமே போன் அடித்திருக்கும். பால் மனத்தில் பதியவே இல்லை. பதியாதது எப்படி ஞாபகம் வரும்? அதனால் “இனி கவனமாக இருப்பேன்” என்ற சபதம் வேண்டாம். ஞாபகம் வைக்கிற வேலையைப் பொருளிடம் விட்டுவிடுங்கள்.

அடுப்பு எரியும்போது அடுக்களையை விட்டு வெளியே வந்தே ஆக வேண்டுமென்றால், கையில் கரண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். கூடத்தில் நின்று பேசும்போது கையில் கரண்டி இருந்தால், ஏன் இருக்கிறது என்று உடனே தோன்றும். நான் சொல்லிக்கொடுத்தவற்றில் பலரும் விடாமல் பிடித்துக்கொண்டது இதைத்தான். பாலுக்கு விசில் அடிக்கும் பால் குக்கர் வாங்கிவிடுங்கள். பிரஷர் குக்கரில் விசிலை எண்ண வேண்டாம். முதல் விசில் வந்ததும் போனில் டைமர் வையுங்கள்.

மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா போதும். இன்றைய அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. சந்தேகத்தில் இரண்டாவது முறை போடவே கூடாது.

சாவிக்கு வாசலருகே ஓர் ஆணி. கதவைத் திறந்து உள்ளே வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதில் மாட்டுங்கள். பழக்கமாகும்வரை அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பழக்கம் என்பது வேறு வகை ஞாபகம். 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்புக்காக நடந்த அறுவை சிகிச்சையில் மூளையின் ஒரு பகுதியை எடுத்தபின், புதிதாக நடந்தது எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்குக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். கையோ நாளுக்கு நாள் தேறியது. உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை. உங்கள் கையும் நிச்சயம் கற்றுக்கொள்ளும், ஆணி இடம் மாறாமல் இருந்தால். இதில் வீட்டார் ஒத்துழைப்பு முக்கியம். “ஒழுங்குபடுத்துகிறேன்” என்று அவர்கள் பொருளை நகர்த்தினால் உங்கள் மூன்று வார உழைப்பு வீண்.

கரண்ட் பில், வங்கி வேலைகளைத் தூக்கம் கலைந்து தெளிவாக இருக்கும் காலையில் முடித்துவிடுங்கள். மாலையில் களைத்த மூளைக்குக் கணக்கு ஏறாது.

மருத்துவரை மறுபடி பாருங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் மறதி தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி, வலிப்பு, கைகால் பலவீனம் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

அலமாரியையும் பரணையும் இப்போது தொடாதீர்கள். முதல் மூன்று வாரம் அடுப்பு மட்டும். அது கைக்குப் பழகியபின் சாவிக்கு ஆணி அடிக்கலாம்.