வடக்கே ஏரி உள்வாய்

அன்புள்ள ஐயா,

மேலை நாடுகள் இருநூறு வருடம் கரி எரித்துப் பணக்காரர்கள் ஆனார்கள். அமெரிக்கா பாரிஸ் பருவநிலை உடன்படிக்கையிலிருந்து இரண்டாவது முறையும் விலகிவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நம் புகை அமெரிக்காவினுடையதில் ஏழில் ஒரு பங்குதான். பிறகு நமக்கு எதற்கு இந்தப் பொறுப்பு? இந்தப் பருவநிலை மாநாடுகளால்தான் என்ன பயன்?

பி.கு: ஓசூரில் மனை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கடிதம் புது வீட்டிலிருந்து!

மதன்

அன்புள்ள மதன்,

உங்கள் கடிதம் வந்தபோது வீட்டு வரி விஷயமாகப் பழைய பத்திரக் கட்டை மடியில் வைத்திருந்தேன். அதனால்தான் உடனே பதில்.

உங்கள் கணக்கு சரி. 2020-லிருந்து ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகன் மாநாட்டில் சொன்னார்கள். 2022-இல்தான் அந்தத் தொகையை எட்டினார்கள், அதிலும் பெரும்பகுதி கடன். தீ வைத்தவனே தண்ணீரை வட்டிக்கு விடுகிறான். 2024-இல் பாகு மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று சுத்தியலைத் தட்டி முடித்ததும் நம் பிரதிநிதி சாந்தினி ரெய்னா அது வெறும் கண்மாயம் என்ற பொருளில் பேசினார். வீட்டிலிருந்தே கைதட்டினேன். மாநாடுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

‘பிறகு நமக்கு எதற்கு’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

2015 டிசம்பர் 1. பாரிஸ் மாநாடு தொடங்கி இரண்டாம் நாள். சென்னை வேளச்சேரியில் எங்கள் கூடத்தில் இடுப்பளவுத் தண்ணீர். அரிசி டிரம் மிதந்துபோய்ப் பூஜை அறை வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. வடிந்த பிறகு மொட்டை மாடியில் அம்மா பத்திரத்தை ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் தர, நான் துணிக்கொடியில் க்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மூலப்பத்திரத்தின் நான்கெல்லையை வாழ்க்கையில் முதன்முறையாகப் படித்தேன். ‘வடக்கே ஏரி உள்வாய்.’ உள்வாய் என்றால் ஏரியில் தண்ணீர் நிற்கும் பரப்பு.

வடக்கே என்ன இருக்கிறது? எங்கள் தெருவைப் போலவே இன்னும் நான்கு தெரு. ஏரி எங்கே என்று அம்மா கேட்டாள். நேற்று வரை கூடத்தில் இருந்தது என்றேன்.

கடல் சூடாகி மழை கனத்திருக்கலாம், அதற்கு மேலை நாட்டுக்காரன் பொறுப்பு. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கியது யார்? பெருங்குடியில் அதன் மேலேயே குப்பையைக் கொட்டியது யார்? அமெரிக்காவிலிருந்து லாரியில் கட்டட இடிபாடு வரவில்லை. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தோம், நல்லது, மிச்சத்தை. ஏரியில் வீடு வாங்கியவன் நான், ஆகவே இதை ஊரைத் திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. பருவநிலையால் வரும் இழப்பு, சேதத்துக்கு என்று 2022-இல் ஷர்ம் அல் ஷேக் மாநாட்டில் போராடி ஒரு நிதி ஒப்புக்கொள்ள வைத்தோம். நாளைக்கு அங்கே போய்க் கை நீட்டினால் முதலில் நம் மூலப்பத்திரத்தைத்தான் கேட்பான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மனை பார்க்கிற வயதில் நானும் உங்களைப் போலத்தான் உலகக் கணக்கு பேசினேன். ஓசூரும் ஏரிகள் உள்ள ஊர். நான்கெல்லையை நீங்களே படியுங்கள். வக்கீல் பார்த்துவிட்டார் என்று விடாதீர்கள். எங்கள் வக்கீலும் பார்த்தார்.