எந்தச் செல்லிலிருந்து எடுத்தது? - வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை கடிதங்கள் கொஞ்சம் அதிகம். "டிஎன்ஏ பத்தி சொல்லுங்க சார்" என்று ஒற்றை வரி எழுதிய மூன்று பேருக்குப் பதில் கிடையாது. என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள், சொல்கிறேன்.

ஒரு செல்லுக்குள் 2 மீட்டர் நீள டிஎன்ஏ இருப்பதாகப் பாடத்தில் வருகிறது. அது எப்படி அடங்கும்?
- கல்லூரி மாணவி, சங்கரன்கோவில்

தறி ஓடுகிற ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! தார் சுற்றுகிற வீட்டில் போய்ப் பாருங்கள், எவ்வளவு நூல் ஒரு சின்னக் கூடைக்குள் சிக்கு விழாமல் கிடக்கிறது என்று. செல் செய்வதும் அதுதான். ஹிஸ்டோன் என்ற புரத உருண்டையின் மேல் 147 எழுத்து (டிஎன்ஏவில் வரிசையாக இருக்கிற ஏ, டி, ஜி, சி என்ற வேதித்துணுக்குகளைத்தான் எழுத்து என்கிறேன்) நீளத்துக்கு டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும், ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகமாக. கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த உருண்டை. இப்படி ஒரு செல்லில் ஏறக்குறைய 3 கோடி உருண்டைகள். இழையின் தடிமன் வெறும் 2 நானோமீட்டர் என்பதால் 6 மைக்ரான் உட்கருவுக்குள் இடம் தாராளமாகவே இருக்கிறது.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. இறுகச் சுற்றிய இடத்தை யாராலும் படிக்க முடியாது. எந்த இடத்தைத் தளர்த்துவது, எதைக் கட்டி மூலையில் போடுவது என்பது செல்லுக்குச் செல் மாறும். ஹிஸ்டோனின் வாலில் அசிட்டைல் என்ற சின்ன வேதித்துணுக்கு ஒட்டினால் பிடி தளரும், எடுத்துவிட்டால் இறுகும். உங்கள் கல்லீரலிலும் கண்ணிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ, திறந்திருக்கிற பக்கங்கள் மட்டும் வேறு. டிஎன்ஏ தானாக ஒரு வேலையும் செய்யாது, செல் எடுத்துப் படித்தால்தான் உண்டு. இதை இந்தப் பகுதியில் எத்தனையாவது தடவை எழுதுகிறேனோ தெரியவில்லை.

ரத்தத்தில் டிஎன்ஏ எடுப்பது சிவப்பணுவிலிருந்துதானே?
- வள்ளியூர்

இல்லை. நம்முடைய முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, எடுப்பதெல்லாம் வெள்ளையணுவிலிருந்து. கோழிக்குச் சிவப்பணுவிலும் உட்கரு உண்டு. அதனால்தான் நான் வேலை பார்த்த கல்லூரியில் செய்முறைத் தேர்வு என்றால், காலை 6 மணிக்கே எங்கள் அட்டெண்டர் சோடியம் சிட்ரேட் போட்ட பாட்டிலோடு சமாதானபுரம் கறிக்கடையில் போய் நிற்பார். சிட்ரேட் போட மறந்த வருடம் பாட்டிலில் வந்தது வெறும் கட்டி.

பள்ளிக் கண்காட்சிக்காக வாழைப்பழத்தில் டிஎன்ஏ எடுத்தோம். மூன்று தடவையும் கஞ்சி மாதிரிதான் வந்தது. ஸ்பிரிட் கிடைக்காததால் தண்ணீர் ஊற்றினோம். எங்கே தப்பு?
- ஆசிரியை, கடையம்

தப்பை நீங்களே எழுதிவிட்டீர்களே டீச்சர். டிஎன்ஏ தண்ணீரில் கரையும். கரைந்ததை வெளியே வரவைக்கத்தான் ஸ்பிரிட். அது இல்லையென்றால் அன்றைக்குக் கண்காட்சியில் வேறு எதையாவது வையுங்கள்.

ஏத்தங்காயை விடுங்கள், நன்றாகக் கனிந்த ரசகதலி ஒன்று போதும். ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுக் கையாலேயே பிசையுங்கள். மிக்ஸி வேண்டாம், இழை துண்டு துண்டாகிவிடும். அரை டம்ளர் தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பும் ஒரு ஸ்பூன் பாத்திரம் துலக்கும் லிக்விடும் கலந்து ஊற்றி, நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, 10 நிமிடம் வையுங்கள். செல்லின் சவ்வு கொழுப்பு, லிக்விட் அதைக் கரைத்துவிடும். காபி வடிகட்டியில் வடித்ததைச் சின்னக் கண்ணாடி டம்ளரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைத்திருந்த ஸ்பிரிட்டை, டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக வழியவிடுங்கள். இரண்டும் கலக்கக் கூடாது. ஸ்பிரிட் மேலே தனியாக நிற்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் நடுவில் வெள்ளையாக, சளி மாதிரி இழுபடும். குச்சியால் சுருட்டி எடுக்கலாம். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது.

பிள்ளைகளிடம் "இதுதான் டிஎன்ஏ இழை" என்று சொல்லிவிடாதீர்கள். கோடிக்கணக்கான செல்களின் டிஎன்ஏவும், பழத்தின் பசையான பெக்டின் கொஞ்சமும், புரதமும் சேர்ந்த திரள் அது. ஒற்றை இழை கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், பூவன் வாழைக்குக் குரோமோசோம், அதாவது டிஎன்ஏ கட்டு, 33, மூன்று செட். அதனால்தான் விதை கிடையாது, பக்கக்கன்றை நடுகிறோம். மட்டிப் பழத்துக்கு இரண்டே செட், 22.

முப்பது வருடமாக உப்பளத்தில் வெயிலில் நிற்கிறேன். என் டிஎன்ஏ கெட்டுப்போயிருக்குமா?
- தூத்துக்குடி

அண்ணாச்சி, தினமும் கெடுகிறது, தினமும் சரியாகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு தைமின்கள் (டி எழுத்து) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படிக்கிற நொதி அங்கே வந்து தடுக்கி நிற்கும். செல் அந்தத் துண்டை, சுமார் 30 எழுத்து, வெட்டி எறிந்துவிட்டு எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்கிறது. இந்தப் பழுதுபார்ப்பு வேலைகளைக் கண்டு சொன்ன லிண்டால், மாட்ரிச், சன்சார் மூவருக்கும் 2015இல் நோபல் கிடைத்தது. நிழலிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஒரு செல்லில் நாளுக்கு ஆயிரக்கணக்கில் பழுது விழத்தான் செய்யும்.

எந்தச் செல் என்று பாருங்கள். தோலின் மேல் செல்களில், நிறம் தருகிற மெலனின் துகள்கள் உட்கருவுக்கு மேலே குடை மாதிரி கூடி நிற்கின்றன. கறுப்பு நிறத்தைக் குறை சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அதற்காகத் தலையில் துண்டில்லாமல் நிற்காதீர்கள். ஆறாத புண், வடிவம் மாறுகிற மச்சம் இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். உப்பு வெளிச்சத்துக்குக் கூலிங் கிளாஸ் கட்டாயம்.

மகன் பள்ளிக்கூடத்தில் பத்து விரலையும் ஸ்கேன் செய்து "டிஎன்ஏ திறமை ரிப்போர்ட்" கொடுத்தார்கள். 4,500 ரூபாய். அவனுக்குக் கணக்கு வராது, பேச்சுத்திறன் வரும் என்று போட்டிருக்கிறது. 11ஆம் வகுப்பில் எந்த குரூப்பில் சேர்க்கலாம்?
- ஒரு தகப்பனார், தென்காசி

மகனைக் கேளுங்கள். ரிப்போர்ட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள்.

இந்த ஸ்கேனர்காரர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். போன வருடம் என் பேத்தி படிக்கிற பள்ளியிலும் முகாம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். டை கட்டிய பையன் ஒருவன் லேப்டாப்பில் டிஎன்ஏ ஏணி சுற்றுகிற படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். "தம்பி, எந்தச் செல்லிலிருந்து எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். "செல்லெல்லாம் வேண்டாம் சார், ஸ்கேனரே எடுத்துரும்" என்றான். செல் என்றால் கைபேசி என்று நினைத்துவிட்டான் போல. வரிசையில் நாற்பது பெற்றோர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் உயிரியல் படித்தவர்கள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

விரல் ரேகை கருவிலேயே, மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள் விழுந்துவிடுகிறது. விரல் நுனி மேட்டின் உருவமும் அளவும் வரிகள் எங்கே தொடங்குகின்றன என்பதும் சேர்ந்து வடிவத்தை முடிவு செய்கின்றன. சில சமிக்ஞைகள் வரியை எழுப்புகின்றன, சில அடக்குகின்றன, குளத்தில் அலை பரவுவதுபோல வரிகள் பரவி ஒன்றையொன்று முட்டுகின்றன. 2023இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கு டிஎன்ஏ ஒன்று, ரேகை வேறு. இது ஒன்று போதாதா? டிஎன்ஏ ஒன்றாக இருந்தும் ரேகை மாறுகிறது என்றால், ரேகையிலிருந்து டிஎன்ஏவைப் படிப்பது எப்படி?

"டிஎன்ஏ கைரேகை என்று கோர்ட்டிலேயே சொல்கிறார்களே" என்று அடுத்த கடிதம் வரும், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் வைத்த பெயர் அது. கைரேகை போல ஆளுக்கு ஆள் மாறும் என்ற பொருளில் வைத்தார். அங்கே யாரும் விரலை ஸ்கேன் செய்யவில்லை. இன்றைக்குத் தடய அறிவியலில் பார்ப்பது, டிஎன்ஏவில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிற இருபது சொச்ச இடங்களை. அவை ஆள் யார் என்று சொல்லும். கணக்கு வருமா என்று சொல்லாது.

சரி, நிஜமாகவே டிஎன்ஏவைப் படித்தால் திறமை தெரியுமா? உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் வைத்து அளக்கிற விஷயம். 2022இல் 54 லட்சம் பேருடைய டிஎன்ஏவைப் பார்த்து, உயரத்தோடு தொடர்புள்ள இடங்கள் 12,000 என்று எழுதினார்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளித்துளிதான், அதுவும் வயிற்றுக்குச் சோறு ஒழுங்காகக் கிடைத்தால். உயரத்துக்கே இந்தப் பாடு. பத்து விரலை வைத்துப் பையனுக்குக் கணக்கு வராது என்கிறான், நாமும் 4,500 ரூபாயை எண்ணி வைக்கிறோம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியாரிடம் நாலு மாதம் அனுப்பியிருக்கலாம்.

என் மகளுக்கு என் தம்பியைப் பேசி முடித்திருக்கிறோம். ரத்த குரூப் வேறு வேறு, அதனால் பிரச்சினை வராது என்கிறார்கள். சரிதானா?
- ஒரு தாயார், பாவூர்சத்திரம்

ரத்த குரூப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. தாய்மாமனும் மருமகளும் டிஎன்ஏவில் சராசரியாகக் கால் பங்கு பொது. அத்தை மகனும் மாமன் மகளும் என்றால் அரைக்கால் பங்கு. நம் ஒவ்வொருவரிடமும் பழுதான ஜீன்கள் சில இருக்கும், ஜோடியில் மற்றது நன்றாக இருப்பதால் வெளியே தெரியாது. மணமக்கள் இருவரிடமும் ஒரே பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை வரும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அது சுமார் இருமடங்கு. மாமன் உறவு அதைவிட நெருக்கம்.

குடும்பத்தில் யாருக்குக் காது கேட்கவில்லை, எந்தக் குழந்தை சின்னதிலேயே தவறியது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அது தெரியாமல் எந்த டெஸ்டும் பிரயோஜனமில்லை. மூன்று தலைமுறையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மரபணு ஆலோசனை தருகிற டாக்டரைப் பாருங்கள். பேசி முடித்ததுதானே, இன்னும் தாலி கட்டவில்லை.

ஆதிச்சநல்லூர் எலும்பில் டிஎன்ஏ பார்த்தால் என்ன சாதி என்று தெரிந்துவிடும். ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்?
- ஸ்ரீவைகுண்டம்

டிஎன்ஏவில் ஏ, டி, ஜி, சி என்று நாலு எழுத்து. சாதிக்கு எழுத்து கிடையாது.

பழைய எலும்பில் டிஎன்ஏ மிஞ்சுமா என்பது வேறு கேள்வி, நல்ல கேள்வி. சூடும் ஈரமும்தான் அதற்கு எமன். சைபீரிய உறைநிலத்தில் கிடந்த மாமத யானைப் பல்லில் 10 லட்சம் வருடத்துக்கு முந்தைய டிஎன்ஏவை 2021இல் படித்தார்கள். தாமிரபரணிக் கரையில், ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைத்தண்ணீர் இறங்குகிற தாழிக்குள் இருந்த எலும்பில் அதை எதிர்பார்க்க முடியாது. காதுக்குள் இருக்கிற கெட்டி எலும்பில் கொஞ்சம் தப்பித்திருக்கலாம். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டிய 1899இல் டிஎன்ஏவை மனதில் வைத்துக் கையுறை போட்டவர் யார்? தொட்டவர்களின் டிஎன்ஏவே முதலில் வந்து நிற்கும்.

டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்தது நம் ஜி.என்.ராமச்சந்திரன் என்று வாட்ஸப்பில் வந்தது.
- அம்பாசமுத்திரம்

அவர் 1954இல் சென்னையில் கண்டது கொலாஜனின் மூன்று சுருள். கொலாஜன் தோலிலும் எலும்பிலும் இருக்கிற புரதம். அதுவே பெரிய சாதனை, இரவல் பெருமை எதற்கு? டிஎன்ஏ கதையில் வருத்தப்பட வேண்டுமானால் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுக்காக வருத்தப்படுங்கள். அவருடைய ஆய்வில் 1952இல் எடுத்த எக்ஸ்ரே படத்தை அவருக்குத் தெரியாமலே, கிரிக்கோடு சேர்ந்து டிஎன்ஏவின் வடிவத்தைச் சொன்ன வாட்சனிடம் காட்டினார்கள். 37 வயதில் இறந்துபோனார். வாட்சன் தரப்புக்கு நோபல் வந்தது நாலு வருடம் கழித்து.

கொரோனாவுக்கு எம்ஆர்என்ஏ ஊசி போட்டேன், கோவிஷீல்டு. டிஎன்ஏ மாறியிருக்குமா?
- களக்காடு

கோவிஷீல்டு எம்ஆர்என்ஏ ஊசியே இல்லை. மாறவில்லை, நிம்மதியாக இருங்கள்.

இத்துடன் என் முடி இணைத்துள்ளேன். பரிசோதித்துச் சொல்லவும்.
- பெயர், ஊர் இல்லை

என்னவென்று சொல்ல? என்னிடம் லேப் கிடையாது, ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. அதுவும் சலூனில் வெட்டி விழுந்த முடி. வேர் இல்லாத முடியில் உட்கரு டிஎன்ஏ பெரும்பாலும் சிதைந்துபோய்த்தான் இருக்கும். போதாக்குறைக்கு ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள், பூஞ்சை பிடித்துவிட்டது. எந்த மாதிரியானாலும் உலர்த்திக் காகித உறையில்தான் வைக்க வேண்டும் என்று எத்தனை தடவை எழுதுவது? திருப்பி அனுப்ப முகவரியும் இல்லை. கவர் மேசை மேலேயே கிடக்கிறது, வீட்டில் எடுத்துப் போடச் சொல்லித் திட்டு விழுகிறது.