டர்பனில் அப்பாவுக்கு முழுச் சடங்கா, நினைவுக் கூடல் போதுமா?

இறந்துபோன அப்பா தனக்கு ஈமச் சடங்கு வேண்டாம் என்றிருக்கிறார், அம்மா வேண்டும் என்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் பக்கம் நில்லுங்கள் என்பேன். சடங்கு இருப்பவர்களுக்காகத்தான். எங்கள் பெரியம்மா போனபோது கை கால் ஓடவில்லை. வாய்க்கரிசி போடும்போதுதான் அழுகையே வந்தது. 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த வழக்கம் இது.

ஆனால் சடங்கில் இறந்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூடலில் பேசலாம். பெரியம்மாவின் ஜூலு இனத் தோழி அவருடைய கிழிந்த ஏப்ரனைக் கையில் வைத்துக்கொண்டு பேசியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, தகனத்தன்று சுருக்கமாகச் சடங்கு செய்யுங்கள். அப்புறம் பதினாறாம் நாள் வீட்டிலேயே எல்லோரையும் கூப்பிட்டு, அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்துப் பேசவிடுங்கள்.