அளந்த சோறு, மாறாத தட்டு: எடை குறைப்புக் கேள்வி பதில்

எடை குறைக்க தினமும் ஏறக்குறைய ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் முறையைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை பல ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறீர்கள். உணவு ஆலோசகராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கர்ப்பிணிகளும், சிறுநீரக நோய் உள்ளவர்களும், 18 வயது ஆகாதவர்களும் இதைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

கும்பகோணம், துணிக்கடை ஊழியர், வயது 38, எடை 88 கிலோ: எந்த டயட்டைத் தொடங்கினாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. இன்றைக்கு என்ன சாப்பிடுவது என்று யோசிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. ஒரே மாதிரி சாப்பாடு என்றால் எப்படி அமைப்பது?

தம்பி, அந்த யோசிக்கிற வேலையை எடுத்துவிடத்தான் இந்த முறையே. ராத்திரி கடை அடைத்து, பசியோடு தெருவில் நடக்கும்போது என்ன சாப்பிடலாம் என்று யோசித்தால் கால் பரோட்டாக் கடைக்குத்தான் போகும். முடிவு முந்தின நாளே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு நான் போட்டுக் கொடுக்கும் தட்டு இது. காலையில் மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், இரண்டு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு ஒரு பெரிய டம்ளர் நீர்மோர். மதியம் 75 கிராம் அரிசியின் சோறு, பாசிப்பருப்பு போட்ட கீரைக்கூட்டு ஒரு பெரிய கிண்ணம், ஒரு பொரியல், ரசம், மோர். சாயந்திரம் ஒரு காபி, ஒரு கிண்ணம் சுண்டல். இரவு இரண்டு சப்பாத்தி அல்லது இரண்டு தோசை, தொட்டுக்கொள்ளத் தேங்காய் அரைக்காத காய்க்குழம்பு. எல்லாம் சேர்ந்து 1,500 முதல் 1,600 கலோரிக்குள் நிற்கும். புரதமும் 55 கிராம் சுற்றி வந்துவிடும். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும் என்பது கணக்கு. உங்கள் எடைக்கும் நிற்கிற வேலைக்கும் இந்தத் தட்டில் வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். அதைவிட வேகமாகக் குறைக்க ஆசைப்படாதீர்கள். பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கினால் தசையும் சேர்ந்து போகும், பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்பு கூடும்.

வடித்த சோற்றை எப்படி அளப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். சமையல் தராசு கிடைத்தால் ஒரே ஒரு தடவை போதும். 75 கிராம் அரிசி வெந்தால் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்தச் சோறு உங்கள் வீட்டில் எந்தக் கிண்ணத்தில் விளிம்பு மட்டத்துக்கு நிற்கிறது என்று பாருங்கள். இனி அது உங்கள் கிண்ணம். சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியின் முதுகால் அமுக்கக் கூடாது. அமுக்கினால் அதே கிண்ணத்தில் இன்னும் இரண்டு கரண்டி ஏறிவிடும், பார்வைக்குத் தெரியவே தெரியாது.

மயிலாடுதுறை, பள்ளி ஆசிரியை: ஒரே சாப்பாடு என்றால் சத்துக்குறைவு வராதா? அலுத்துப் போகாதா?

தட்டின் வடிவம்தான் மாறக் கூடாது, காய் மாறலாம். மாறவும் வேண்டும். கூட்டு என்று எழுதியிருந்தால் திங்கள்கிழமை அரைக்கீரை, செவ்வாய் புடலங்காய், அடுத்த நாள் வாழைத்தண்டு, அப்புறம் சுரைக்காய், முருங்கைக்கீரை என்று சந்தையில் எது மலிவோ அதை வாங்குங்கள். அளவும் நேரமும் சமைக்கிற முறையும் அப்படியே இருக்கட்டும். காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றவே வேண்டாம். காலையில் அலுப்பாக இருக்கிறது என்று சொல்பவர்கள் மிகக் குறைவு.

அலுப்பைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கல்யாண இலையில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் எல்லாம் முடிந்து வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு இடம் இருக்கும். ஒரு ருசி திகட்டிய பிறகு வேறு ருசி வந்தால் ஆசை மறுபடி தொடங்குகிறது. மனித உடம்பு அப்படித்தான். தட்டில் ருசிகள் குறைவாக இருந்தால் ‘போதும்’ என்ற எண்ணம் சீக்கிரம் வரும். லேசான அலுப்பு இந்த முறைக்குள் உதவி செய்கிற பொருள், அதற்குப் பயப்படாதீர்கள்.

முட்டையும் மீனும் சேர்க்காத வீடு என்றால் பால், தயிர், மோர் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. வைட்டமின் பி12 உங்களுக்கு அங்கிருந்துதான் வர வேண்டும்.

திருவாரூர், இல்லத்தரசி: வீட்டில் நாலு பேர். எனக்கென்று தனியாகச் சமைக்க நேரமும் இல்லை, மனசும் இல்லை.

தனியாகச் சமைக்காதீர்கள் அம்மா. தனிச் சமையல் ஒரு மாதம் கூடத் தாங்காது. அதே குழம்பு, அதே பொரியல், உங்களுக்கு மட்டும் சோறு அளந்து. வீட்டுக்கே பொதுவாக மாற்ற வேண்டியது ஒன்றுதான், எண்ணெய். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி இருக்கிறது. தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் எத்தனை கரண்டி விழுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மாத ஆரம்பத்தில் நாலு பேருக்கு இரண்டு லிட்டர் என்று எடுத்து வையுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால் எங்கே போகிறது என்று அப்போது தெரியும். பெரும்பாலும் அப்பளமும் வடகமும்தான்.

இன்னொன்று. பிள்ளைகள் தட்டில் மீதம் வைத்த சோற்றை வீணாக்க மனசில்லாமல் சாப்பிடுவதை நிறுத்துங்கள். டெல்டாவில் பிறந்தவர்களுக்குச் சோற்றைக் கொட்டுவது கஷ்டம், எனக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு முதலில் குறைவாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுங்கள்.

மன்னார்குடி பக்கம், விவசாயி, வயது 52: காலையில் பழைய சோறுதான் பழக்கம். அதை விட்டால்தான் தொப்பை குறையும் என்கிறார்கள். உண்மையா?

விட வேண்டாம் ஐயா. ராத்திரி ஊறிப் புளித்ததால் சோற்றின் கலோரி கரைந்து போய்விடாது, அதே சமயம் பழைய சோறு எதிரியும் கிடையாது. பிழிந்து எடுத்த சோறு ஒரு கிண்ணம், மோர் தாராளமாக, சின்ன வெங்காயம், முந்தின நாள் கீரையோ சுண்டலோ. இது நல்ல சாப்பாடு. பக்கத்தில் வைக்கிற பொரித்த மோர்மிளகாய், வடகம், ஊறுகாய் இவற்றில்தான் எண்ணெயும் உப்பும் ஏறுகிறது. ரத்தக்கொதிப்பு இருந்தால் அவற்றைக் கண்டிப்பாகக் குறையுங்கள்.

உங்கள் தொப்பைக்கு நான் வேறொரு காரணம் பார்க்கிறேன். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வயலுக்கு நடந்து போன வரப்பில் இப்போது பாதி தூரம் வண்டி போகிறது. உழைப்பு குறைந்துவிட்டது, தட்டு மட்டும் அப்பா காலத்து அளவிலேயே இருக்கிறது. அதனால் உங்களுக்கு இரண்டு அளவு வைத்துக்கொள்ளலாம். நாற்று, களை, உரம் என்று உடம்பு வளைந்து வேலை செய்கிற நாளில் இரண்டு கிண்ணம் சோறு, மற்ற நாளில் ஒன்று. சம்பா அறுப்பு முடிந்து ஜூன் 12 மேட்டூர் திறப்பை எதிர்பார்த்திருக்கும் மாதங்களில் பெரும்பாலும் ஒரு கிண்ண நாட்கள்தான் வரும். எடை ஏறுவதும் அந்த மாதங்களில்தான்.

சம்பா நிற்கும்போதே விதைத்துவிடுகிற உளுந்தும் பச்சைப்பயறும் வீட்டில் இருக்குமே, அதில் கொஞ்சம் விற்காமல் வையுங்கள். பயறு சுண்டல் தினமும் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் சோற்றைக் குறைத்த இடம் வெறுமையாகத் தெரியாது.

தஞ்சாவூர், மருந்துக்கடை உரிமையாளர்: வெள்ளை அரிசியை நிறுத்தி மாப்பிள்ளை சம்பாவுக்கு மாறினேன். இரண்டு மாதமாக எடையில் அசைவே இல்லை.

எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்? பொன்னியோ மாப்பிள்ளை சம்பாவோ, சமைக்காத அரிசி 100 கிராமில் 350 கலோரி சுற்றித்தான். மாப்பிள்ளை சம்பாவில் நார்ச்சத்து அதிகம், மென்று சாப்பிட வேண்டியிருக்கும், பசி தாங்கும். அதனால் அளவு குறைந்தால்தான் லாபம். நல்ல அரிசி என்ற நம்பிக்கையில் ஒரு பிடி கூடப் போட்டுக்கொண்டால் எடை எப்படிக் குறையும்? அரிசி அப்படியே இருக்கட்டும், கிண்ணத்தைக் கொண்டு வாருங்கள்.

கும்பகோணம், வங்கி ஊழியர்: டிகிரி காபியை விட முடியாது. ஒரு நாளைக்கு நாலு. அது தவிர எல்லாம் சரியாகச் செய்கிறேன்.

கெட்டிப் பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் போட்ட காபி ஒன்று 120 கலோரி என்று வையுங்கள். நாலு என்றால் 480. மதியச் சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட ஈடாகிறது. இரண்டு போதும். ஒன்று காலை, ஒன்று நாலு மணிக்கு, இரண்டிலும் ஒரு கரண்டிச் சர்க்கரை. காபியையே விடச் சொன்னால் பத்தாவது நாள் இந்த முறையையே விட்டுவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை.

நாகப்பட்டினம், மீன் வியாபாரி: எங்கள் வீட்டில் தினமும் மீன். குறைக்க வேண்டுமா?

மீனைக் குறைக்காதீர்கள், வாணலியைக் குறையுங்கள். மத்தி, சங்கரா எதுவானாலும் 100 கிராமில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. பசியை அடக்க இதைவிட நல்லது கிடையாது. எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதற்குப் பதில் மசாலா தடவி அரை மணி ஊறவைத்து, தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மிதமான தீயில் மூடிப் போடுங்கள். ஒரு பக்கம் தானாகக் கல்லை விட்டுப் பிரிகிற வரை புரட்டாதீர்கள், அவசரப்பட்டால் தோல் கல்லோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடி எண்ணெய் ஊற்றத் தோன்றும். குழம்புக்குத் தேங்காயைப் பாதியாக்கி, தக்காளியும் சின்ன வெங்காயமும் கூட்டி அரைத்தால் கெட்டி குறையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்துக்கு மீன் இருந்த இடத்தில் இரண்டு முட்டை. கருவாடு வேண்டாம், தினமும் தின்ன முடியாத அளவு உப்பு.

மயிலாடுதுறை, வயது 56, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய்: மாத்திரை சாப்பிடுகிறேன். நாளையிலிருந்து சோற்றைப் பாதியாக்கப் போகிறேன். சரிதானே?

நாளையிலிருந்து வேண்டாம் ஐயா. முதலில் உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்து அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் என்று வந்து, கவனிக்காவிட்டால் மயக்கத்தில் போய் நிற்கும். அப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்துப் பரிசோதிக்க வேண்டும். இது வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

மருத்துவர் மருந்தைச் சரிசெய்து கொடுத்த பிறகு உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த மாறாத தட்டு மிகவும் பொருந்தும். தினமும் அதே நேரம், அதே அளவு என்றால் சர்க்கரையும் ஏறி இறங்காமல் இருக்கும், மருந்தைக் கணக்கிடுவதும் அவருக்குச் சுலபம்.

பாபநாசம், குழந்தை பிறந்து நாலு மாதம்: தாய்ப்பால் கொடுக்கிறேன். பதினான்கு கிலோ கூடிவிட்டது.

இப்போது குறைக்காதீர்கள் அம்மா. பால் சுரக்கவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும். கீரை, பருப்பு, முட்டை, மீன் நன்றாகச் சாப்பிடுங்கள். நெய்யில் செய்த லேகியமும் இனிப்பும் வேளா வேளைக்கு வந்தால் அதை மட்டும் ஒரு தடவையோடு நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தை இணை உணவு சாப்பிடத் தொடங்கிய பிறகு பேசுவோம்.

தஞ்சாவூர், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்: மெஸ்ஸில் அவர்கள் போடுவதுதான். நான் எதை அளப்பது?

சோறு வாங்கும் வரிசையில் ஒரே கரண்டி என்று வைத்துக்கொள் தம்பி. பொரியலும் கூட்டும் இரண்டு தடவை வாங்கு, முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போ. அறையில் பொட்டுக்கடலை ஒரு டப்பா வைத்துக்கொள். ராத்திரி படிக்கும்போது பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி.

திருவாரூர், தொழிற்கூட மேற்பார்வையாளர்: முதல் மாதம் நாலு கிலோ இறங்கியது. மூன்று வாரமாக முள் அசையவில்லை.

முதல் மாதத்து நாலு கிலோவில் ஒரு பங்கு தண்ணீர், அதனால் அந்த வேகத்தை இனி எதிர்பார்க்காதீர்கள். மூன்று வாரம் பெரிய காலமும் கிடையாது. கிண்ணத்தை மறுபடி தராசில் வையுங்கள், பெரும்பாலும் சோறு விளிம்புக்கு மேலே கோபுரமாகியிருக்கும். அது சரியாக இருந்தால் இடுப்பை அளங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நம் நாட்டவருக்கான எல்லை. எடை நின்றாலும் இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டுமே நின்றுவிட்டால் இரவில் ஒரு சப்பாத்தியைக் குறைத்து, சாப்பிட்ட பிறகு அரை மணி நடை. உடம்பு இளைத்த பிறகு அதற்குத் தேவைப்படுவதும் குறைவுதான்.

திருவையாறு, வயது 45: வருகிற ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் சித்திரான்னம் இல்லாமல் எப்படி?

சாப்பிடுங்கள் அம்மா. எலுமிச்சை, தேங்காய், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் சேர்ந்து அன்றைக்கு 1,000 கலோரி கூடினாலும் கொழுப்புக் கணக்கில் 130 கிராம்தான். மறுநாள் தராசு ஒன்றரைக் கிலோ கூடக் காட்டலாம். அது உப்பும் தண்ணீரும், மூன்று நாளில் இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பட்டினி கிடக்க வேண்டாம். பதினெட்டாம் பெருக்கு மிச்சத்தைப் பத்தொன்பதாம் தேதிக்கு எடுத்து வைக்காமல் அன்றைக்கே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை மூன்று இட்லியிலிருந்து தொடங்குங்கள்.